எரித்தாயாம்

செவ்வாய்க்கிழமை நான் 2,840 கலோரி எரித்தேன். புதன்கிழமை 2,190. இதைச் சொல்வது நான் இல்லை, என் கைப்பேசியில் இருக்கும் ஒரு செயலி. இரண்டு நாளும் நான் செய்தது ஏறக்குறைய ஒன்றுதான். காலை ஆறரைக்கு ஆயர் ஈத்தாமிலிருந்து மோட்டாரில் கிளம்பி பாயான் லெப்பாஸ் போனேன். தொழிற்சாலையில் சோதனைக் கருவிகளுக்கும் கணினிக்கும் நடுவே ஒன்பது மணி நேரம். சாயங்காலம் தண்ணீர்மலைப் பூங்காவில் நாற்பது நிமிட நடை. அப்புறம் அந்த 650 கலோரி எங்கே போச்சு? ஒரு தட்டு நாசி கண்டார் அளவு சக்தி ஒரே இரவில் காணாமல் போயிருக்கிறது. போலீசில் புகார் கொடுக்கவும் வழியில்லை.

என் வேலையே அளவீடுதான். நிபோங் திபாலில் நான்கு வருடம் பொறியியல் படித்ததும், இப்போது சம்பளம் வாங்குவதும் அதற்காகத்தான். ஒரு கருவி ஒரே பொருளை இரண்டு முறை அளந்து இரண்டு எண் காட்டினால், எங்கள் தொழிலில் முதலில் கருவியைச் சந்தேகப்படுவோம். யார் அளந்தாலும், எத்தனை முறை அளந்தாலும் எண் எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்து அதை ரிப்போர்ட்டில் எழுதிவிட்டுத்தான் அடுத்த வேலை. ஆனால் இந்த விஷயத்தில் மூன்று மாதம் நான் சந்தேகப்பட்டது என் உடம்பைத்தான். 'நேத்து எங்கேயோ சோம்பேறித்தனம் பண்ணியிருக்கேன்' என்று நினைத்துக்கொண்டு இரவு ஒன்பது மணிக்கு ஃபிளாட்டின் மாடிப்படியில் ஏறி இறங்கிய நாட்கள் உண்டு.

ஒரு இலக்கிய இதழில் கலோரிச் செயலியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இந்தத் தலைமுறை தினமும் அதிக தடவை திறந்து வாசிக்கும் பிரதிகளில் இதுவும் ஒன்று. அது நம்மைப் பற்றி நம்மிடமே ஒரு கதை சொல்கிறது. அந்தக் கதைக்கு ஒரு சொல்லி உண்டு, மூலங்கள் உண்டு, மறைத்துவைக்கப்பட்ட முந்தைய பக்கங்களும் உண்டு. நாவலில் நம்பத்தகாத கதைசொல்லி வந்தால் பக்கம் பக்கமாக விவாதிக்கும் நாம், இந்தக் கதைசொல்லியை மட்டும் ஒரு கேள்விகூடக் கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

எண் சமைக்கப்படும் விதம்

செயலி என் உடம்பை அளக்கவில்லை. முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். அது என்னிடம் நான்கு கேள்வி கேட்கிறது: ஆணா பெண்ணா, வயது, உயரம், எடை. நான் 28, 171 சென்டிமீட்டர், 74 கிலோ. இதை ஒரு சமன்பாட்டில் போட்டு, நான் அசையாமல் படுத்தே கிடந்தாலும் ஒரு நாளில் செலவாகும் சக்தியைக் கணிக்கிறது. எந்தச் சமன்பாடு என்பதில்தான் கூத்து ஆரம்பிக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நானே போட்டுப் பார்த்தேன். 1919-இல் வந்த ஹாரிஸ்–பெனடிக்ட் சமன்பாட்டில் எனக்கு 1,751. 1990-இல் வந்த மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சமன்பாட்டில் 1,674. உலக சுகாதார அமைப்பும் உணவு வேளாண்மை அமைப்பும் 1985-இல் கையாண்ட ஸ்கோஃபீல்ட் வரிசையில் 1,806. மலேசியப் பெரியவர்களை அளந்து 1998-இல் வெளியிட்ட சமன்பாட்டில் 1,566. அதே ஆள், அதே உடம்பு, அதே ஞாயிற்றுக்கிழமை. மேலுக்கும் கீழுக்கும் 240 கலோரி வித்தியாசம். ஒரு ரொட்டி சானாய்க்குக் கொஞ்சம் குறைவு. மாதக் கணக்கில் 7,200. ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி என்ற பழைய கட்டைவிரல் கணக்கை நம்பினால், சமன்பாட்டை மாற்றினாலே காகிதத்தில் நான் மாதம் ஒரு கிலோ இளைக்கவோ பெருக்கவோ முடியும்.

அடுத்தது பெருக்கல். 'நீங்கள் எவ்வளவு சுறுசுறுப்பானவர்?' என்று செயலி கேட்கிறது. உட்கார்ந்த வாழ்க்கை என்றால் 1.2, இலேசான அசைவு என்றால் 1.375, மிதமானது என்றால் 1.55. இதில் நான் யார்? தொழிற்சாலைத் தளத்தில் நடக்கிறேன், கணினி முன்னால் உட்காருகிறேன், மோட்டார் ஓட்டுகிறேன். மிகக் குறைந்த சமன்பாட்டோடு 1.2 சேர்த்தால் 1,879 வரும். மிக அதிகமானதோடு 1.55 சேர்த்தால் 2,799. ஒரே ஆளுக்கு 920 கலோரி அகலமுள்ள ஒரு வெளி. அந்த வெளிக்குள் எங்கோ நான் இருக்கிறேன். செயலியோ அதில் ஒரு புள்ளியைத் தொட்டு, ஒற்றை இலக்கம் வரை துல்லியமாக எழுதிக் காட்டுகிறது.

மூன்றாவது, கைக்கடிகாரம். அது அசைவையும் நாடித்துடிப்பையும் பார்க்கிறது, கலோரியைப் பார்ப்பதில்லை. துடிப்பிலிருந்து சக்திக்கு வர நிறுவனம் வைத்திருக்கும் சூத்திரம் வெளியில் யாருக்கும் தெரியாது. பினாங்கு வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு வெறுமனே நின்றாலே இதயம் வேகமாக அடிக்கும். தோலைக் குளிர்விக்க ரத்தத்தை மேலே தள்ள வேண்டுமே. தசை வேலை செய்யவில்லை, கடிகாரத்துக்கு அது தெரியாது. கோப்பி-ஓ இரண்டு குடித்த நாளும் அப்படித்தான். அந்தச் செவ்வாய்க்கிழமை தளத்தில் குளிர்சாதனம் பழுதானது எனக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. 2,840-இல் பெரும் பகுதி என் உழைப்பாக இருக்காது, வெக்கையாக இருக்கும்.

நான்காவது, இரண்டும் கை குலுக்கும் இடம். செயலி ஏற்கெனவே என்னை 'இலேசான அசைவு' என்று எடுத்துக்கொண்டு ஒரு நாளுக்கான செலவை முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறது. கடிகாரம் நாள் முழுக்கத் தன் கணக்கை அனுப்புகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் செயலி 'திருத்தம்' என்று சேர்க்கிறது, அல்லது கழிக்கிறது. நாள் முடியாததால் மிச்ச நேரத்தை ஊகித்து நிரப்புகிறது. அதனால்தான் காலையில் ஒரு எண், மதியம் அதைவிடக் குறைவு, ராத்திரி திடீரென்று ஏற்றம். இன்னொரு செயலியை அதே கடிகாரத்தோடு இணைத்தால், நடந்த நடையை அது சுறுசுறுப்புக் கணக்கிலும் உடற்பயிற்சிக் கணக்கிலும் இரண்டு தடவை எழுதிவிடும். கடைக்காரர் ஒரே தே தாரேக்கு இரண்டு பில் போட்ட மாதிரி.

2017-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு கைக்கருவிகளை 60 பேருக்குக் கட்டி ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்கள். நாடித்துடிப்பை ஏழில் ஆறு கருவிகள் ஐந்து விழுக்காடு பிழைக்குள் சொல்லிவிட்டன. சக்திச் செலவில் இருப்பதிலேயே நல்ல கருவி சராசரியாக 27 விழுக்காடு பிசகியது; மோசமானது 93 விழுக்காடு. கருவிகள் அதன் பிறகு மாறியிருக்கலாம். ஆனால் 27 விழுக்காடு ஆடும் ஒரு கருவியை நான் தளத்துக்குள் கொண்டுபோனால், மேனேஜர் அதை என் தலையிலேயே கட்டியிருப்பார்.

யாருடைய உடம்பு இது?

பிரதிக்கு மூலம் உண்டு என்றேன். ஹாரிஸ் ஒரு தாவரவியலாளர், புள்ளியியலில் கை தேர்ந்தவர். பெனடிக்ட் பாஸ்டனில் கார்னெகி நிறுவனத்தின் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தை நடத்தியவர். 136 ஆண்கள், 103 பெண்கள், கொஞ்சம் குழந்தைகள். அமெரிக்காவில் அளந்த இந்த உடம்புகளிலிருந்துதான் அந்தச் சமன்பாடு பிறந்தது. நூறு ஆண்டுக்கு மேல் கழித்தும் அது செயலிகளுக்குள் உயிரோடு இருக்கிறது. என் சமன்பாட்டுக்குள் யாரென்றே தெரியாத சில பாஸ்டன்காரர்கள் படுத்திருக்கிறார்கள்.

இதைத் தேடிக்கொண்டு போனபோதுதான் என்னை உட்கார வைத்த ஒரு தகவல் கிடைத்தது. அதே பெனடிக்ட், சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரியில் பணியாற்றிய எலினார் மேசன் என்பவரோடு சேர்ந்து, தென்னிந்தியப் பெண்களின் அடிப்படைச் சக்திச் செலவைப் பற்றி 1931-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அமெரிக்க அளவுகோல் சொன்னதைவிட அந்தப் பெண்களின் செலவு ஏறக்குறைய 17 விழுக்காடு குறைவாக இருந்தது. அதாவது சமன்பாட்டைச் செய்தவரே அது நம் பெண்களுக்குச் சரியாகப் பொருந்தவில்லை என்று 1931-லேயே எழுதிவிட்டார். கட்டுரை நூலகத்தில் தங்கிவிட்டது. சமன்பாடு மட்டும் உலகம் சுற்றியது.

1985-இன் கதையும் இப்படித்தான். உலகத்துக்கே பொதுவானது என்று சொல்லப்பட்ட அந்தத் தரவுத்தொகுப்பில், 10 முதல் 60 வயது வரையிலானவர்களில் பாதியளவு, மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர், இத்தாலியர்கள். மற்ற ஐரோப்பியர்களைவிடவும் கிலோவுக்குக் கிலோ அதிகம் செலவழித்தவர்கள் அவர்கள். இதைச் சுட்டிக்காட்டி, இத்தாலியரை நீக்கி, வெப்பமண்டல மக்கள் 4,018 பேரைச் சேர்த்து 2005-இல் புதிய சமன்பாடுகளை வெளியிட்டவர் ஜெயா ஹென்றி. நம் நாட்டிலும் அந்தச் சர்வதேசச் சமன்பாடு மலேசிய ஆண்களுக்குச் சராசரியாக 13 விழுக்காடும் பெண்களுக்கு 9 விழுக்காடும் கூடுதலாகக் காட்டுகிறது என்று 1998-ஆம் ஆண்டு ஆய்வு சொன்னது. நான் பார்த்த எந்தச் செயலியிலும் அந்த மலேசியச் சமன்பாட்டைத் தேர்ந்தெடுக்கும் வசதி இல்லை. உணவுப் பட்டியலில் மட்டும் நாசி லெமாக் இருக்கிறது, அதுவும் பதினெட்டு வகையில், பதினெட்டு எண்ணோடு.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சுலபமான கட்டுரை எழுதும் ஆசை வந்தது. 'வெள்ளைக்காரனின் சமன்பாடு தமிழனின் உடம்பை அடிமைப்படுத்துகிறது' என்று எழுதினால் பத்துப் பேர் பகிர்வார்கள். ஆனால் அது முழு உண்மை இல்லை. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் பல வருடம் இதே கேள்வியை ஆராய்ந்தவர்களும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் சேர்ந்து 1998-இல் எழுதிய கட்டுரை வேறு மாதிரி சொல்கிறது. உடம்பில் கொழுப்பு எவ்வளவு, தசையும் உறுப்புகளும் எவ்வளவு என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் இனம் என்ற காரணத்துக்கு அங்கே ஆதாரம் இல்லை என்பதே அவர்கள் முடிவு. ஆக, நமக்குத் தனி ரத்தம், தனி நெருப்பு என்றெல்லாம் இல்லை. ஒரே 74 கிலோவுக்குள் எது எவ்வளவு இருக்கிறது என்பதுதான் வித்தியாசம். அது எப்படி வளர்ந்தோம், என்ன தின்றோம், என்ன வேலை செய்தோம் என்பதோடு சேர்ந்தது. செயலி கேட்கும் நான்கு கேள்வியில் அது இல்லை. எனவே குற்றம் சமன்பாட்டின் நிறத்தில் இல்லை. ஒரு கூட்டத்தின் சராசரியை எடுத்து ஒரு தனி ஆளின் பெயரில் எழுதிவிடுவதில் இருக்கிறது.

மிஃப்லின் சமன்பாட்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 2005-இல் வந்த ஒரு திறனாய்வு, இருக்கும் நான்கு சமன்பாடுகளில் அதுதான் நம்பகமானது என்றது. கூடவே தனிநபருக்குப் பயன்படுத்தும்போது குறிப்பிடத்தக்க பிழைகள் வரும் என்றும் எழுதியது. முதல் பாதி செயலிகளின் விளம்பரத்துக்குள் போய்விட்டது. இரண்டாம் பாதியை எந்தத் திரையிலும் நான் பார்த்ததில்லை.

ஒரு ராத்தல் தானியம்

உடம்புக்கு எவ்வளவு போதும் என்ற கேள்வியை நமக்காக வேறொருவர் கணக்குப் போட்ட வரலாறு நமக்கு முன்பே உண்டு. 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்ட சர் ரிச்சர்ட் டெம்பிள், 1877 தொடக்கத்தில் நிவாரண வேலைக்கு வந்த ஒரு ஆணின் நாள்கூலியை ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் என்று குறைத்தார். ராத்தல் என்றால் ஏறத்தாழ 450 கிராம். நாள் முழுக்க மண் வெட்டிக் கல் உடைக்கும் ஒருவருக்கு அவ்வளவுதான். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் இன்னும் குறைவு. மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதை எதிர்த்தார். குறைந்தது ஒன்றரை ராத்தலாவது வேண்டும், கூடவே பருப்பு வகையும் வேண்டும் என்று வாதாடினார். அதே ஆண்டிலேயே சென்னை அரசு இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவுக்கு ஏற வேண்டியிருந்தது. அதற்குள் அந்த அரை ராத்தலின் விலையை உடம்புகள் கொடுத்துவிட்டிருந்தன.

உணவைக் கலோரியில் எழுதும் பழக்கம் பரவியது அதற்குப் பிறகு. 1890-களில் அட்வாட்டர் அமெரிக்காவில் மனிதர் உள்ளே தங்கக்கூடிய ஒரு அறையைக் கட்டி வெளியாகும் வெப்பத்தை அளந்தார். இன்று உணவுப் பொட்டலத்தின் பின்னால் நாம் வாசிக்கும் எண், மாவுக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு நான்கு, கொழுப்புக்கு ஒன்பது என்ற அவருடைய கணக்கின் பேரப்பிள்ளை. இந்த எண் வந்த பிறகு உணவை அரசுகள் ஒன்றோடொன்று ஒப்பிடவும் பங்கிடவும் முடிந்தது என்று வரலாற்றாசிரியர் நிக் கல்லதர் 2007-இல் எழுதிய ஒரு கட்டுரை விவரிக்கிறது.

டெம்பிளையும் செயலியையும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. அது அபத்தம். அங்கே பட்டினி, இங்கே தொப்பை. நான் பார்ப்பது ஒரே ஒரு ஒற்றுமையை. டெம்பிளின் ஒரு ராத்தலுக்கும் கார்னிஷின் ஒன்றரை ராத்தலுக்கும் நடுவே இருந்தது ஒரு விவாதம். இரண்டு பேர் பெயர் போட்டு, காரணம் சொல்லி, எழுத்தில் மோதினார்கள். அதனால்தான் இன்றைக்கும் நம்மால் அதை விமர்சிக்க முடிகிறது. என் செயலியின் 2,840-க்கும் 2,190-க்கும் நடுவே யாரும் இல்லை. எந்த எண்ணுக்கும் கையெழுத்து கிடையாது.

அம்மாவின் சிவப்பு எண்

இதுவரை எழுதியது என் தொப்பை சம்பந்தப்பட்டது. அதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்க மாட்டேன்.

மலேசியாவில் 2019-இல் எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி பெரியவர்களில் பாதிப் பேர் எடை கூடியவர்கள் அல்லது உடல் பருத்தவர்கள். இனிப்பு நீர் உள்ளவர்கள் 18.3 விழுக்காடு. இந்தியர்களில் மட்டும் பார்த்தால் 31.4. மூன்றில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவு. எங்கள் வீட்டில் மூன்று பேர் இருந்தோம். அப்பா போன பிறகு இரண்டு பேர். கணக்கெடுப்பு எங்கள் வீட்டை விட்டுவிடவில்லை.

அம்மாவுக்கு 56 வயது, 58 கிலோ. மாத்திரை சாப்பிடுகிறார். அப்பா விஷயத்தில் நான் எதுவும் செய்யவில்லை என்ற குற்ற உணர்ச்சியில் அவருடைய கைப்பேசியிலும் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தேன். வேலை என்ன என்று அது கேட்டது. வீட்டில் இருப்பவர் என்பதால் 'உட்கார்ந்த வாழ்க்கை' என்று நானே அழுத்தினேன். இளைக்க வேண்டுமா என்றது. ஆமாம் என்றேன். 1,200 என்று சொன்னது. நான் பார்த்த பல செயலிகளில் பெண்களுக்கு வைத்திருக்கும் தரைமட்டம் அதுதான்; கணக்கு எவ்வளவு கீழே போனாலும் அங்கே வந்து நின்றுவிடும்.

அம்மா உட்கார்ந்த வாழ்க்கை வாழ்பவரா? அதிகாலை நாலரைக்கு எழுந்து வடைக்கு மாவு ஆட்டி, பக்கத்துக் கடைக்குக் கொடுத்து, சந்தைக்கு நடந்து, கோவிலுக்கு நடந்து, மறுபடியும் அடுப்படி. கைப்பேசி மட்டும் நாள் முழுக்க ஐஸ்பெட்டி மேலே சார்ஜில் கிடக்கும். அதனால் செயலியின் பார்வையில் அம்மா ஒரு நாளைக்கு 300 அடி நடப்பவர்.

அன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கே மீதம் என்ற இடத்தில் கழித்தல் 140 என்று சிவப்பில் வந்துவிட்டது. நான் வேலையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, இன்னைக்கும் தாண்டிட்டீங்களா" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிடவில்லை. மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார்.

விடியற்காலை மூன்று மணிக்குக் குவளை விழும் சத்தம். அம்மா சமையல்கட்டில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி நின்றுகொண்டிருந்தார். விரலில் குத்திப் பார்த்தேன். 3.1. நான்குக்குக் கீழே போகக் கூடாது. மைலோவில் மூன்று கரண்டி சீனி போட்டுக் குடிக்க வைத்தேன். பதினைந்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நடுக்கம் நின்றதும் அம்மா கேட்ட முதல் கேள்வி:

"தம்பி, இந்த மைலோவ அதுல எழுதணுமா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. மறுநாள் டாக்டர் என்னைத்தான் பார்த்துச் சொன்னார்: இந்த மாத்திரை போடுபவர் சாப்பாட்டை விடக் கூடாது. தெரிந்திருக்க வேண்டிய விஷயம். செயலியை நிறுவியது நான், 'உட்கார்ந்த வாழ்க்கை' என்று அழுத்தியது நான், சிரித்தது நான். செயலி மேல் பழி போட்டுத் தப்பிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் மனிதர் சொன்னால் 'நீ யாருடா சொல்ல' என்று கேட்கும் அம்மா, அந்தச் சிவப்பு எண்ணிடம் ஏன் கேட்கவில்லை என்ற கேள்வி அன்றிலிருந்து என்னோடு இருக்கிறது.

'ஆம்' என்ற ஒட்டு

பதிலில் ஒரு பங்கு மொழியில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

செயலி பேசும் மொழியைக் கவனியுங்கள். 'நீங்கள் 2,840 எரித்தீர்கள்.' இறந்தகாலம், முற்றுவினை, ஐயமே இல்லாத வாக்கியம். உண்மையில் அது ஒரு ஊகம். 'மீதம்', 'சம்பாதித்தது', 'தாண்டியது' எல்லாம் கடன் புத்தகத்தின் சொற்கள். நடந்தால் வரவு, தின்றால் செலவு, தாண்டினால் சிவப்பு. வட்டிக்காரரிடம் கடன் வாங்கிய குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இந்தச் சிவப்பைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. அம்மா அதைச் சக்திக் கணக்காக வாசிக்கவில்லை, பாக்கியாக வாசித்தார். பாக்கி இருந்தால் சாப்பிடாமல் அடைப்பது அவர் வளர்ந்த வீட்டில் வழக்கம்.

தமிழில் இதற்கு நல்ல மாற்று உண்டு. நேரில் பார்க்காததைச் சொல்லும்போது 'ஆம்' சேர்ப்போம். மழை பெய்ததாம். அவன் வந்தானாம். சொல்பவர் பொறுப்பை முழுசாக ஏற்கவில்லை, கேட்பவரும் முழுசாக நம்ப வேண்டியதில்லை என்ற ஒப்பந்தம் அந்த ஒரு அசைக்குள் இருக்கிறது. 'எரித்தாய்' என்பதற்குப் பதில் 'எரித்தாயாம்' என்று சொல்லியிருந்தால், அந்தச் செயலி எவ்வளவு நேர்மையான கதைசொல்லியாக இருந்திருக்கும்! எண்ணுக்கும் இதே வசதி உண்டு. ரெண்டு மூணு பேர், அஞ்சாறு நாள், பத்துப் பதினஞ்சு வெள்ளி. 'ஒரு ரெண்டாயிரம் இருக்கும்' என்பதில் முன்னால் வரும் 'ஒரு'வும் பின்னால் வரும் 'இருக்கும்'மும் சேர்ந்து செய்வது, நான் தொழிற்சாலையில் கூட்டல் கழித்தல் குறி போட்டு எழுதும் பிழை எல்லையைத்தான். எங்கள் ரிப்போர்ட்டில் அது இல்லாவிட்டால் ரிப்போர்ட் திரும்பி வரும். சந்தையில் மீன் வாங்கும் அம்மாவுக்கு இயல்பாக வரும் இந்த இலக்கணம், கோடிக்கணக்கானோர் வைத்திருக்கும் ஒரு மென்பொருளுக்கு வராமல் போனது தொழில்நுட்பக் குறைபாடு இல்லை. '1,900-லிருந்து 2,800-க்குள் எங்கோ' என்று காட்டினால் யாரும் சந்தா கட்ட மாட்டார்கள்.

எதிர்ப்பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். செயலி எனக்கு ஒன்றும் தரவில்லை என்றால் பொய். ஒரு நாளைக்கு நான்கு தே தாரே குடிக்கிறேன் என்பதை எழுதிப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன். இப்போது சில செயலிகள் சமன்பாட்டை ஆரம்பத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, சில வாரம் நாம் சாப்பிட்டதையும் எடை மாறியதையும் வைத்துச் செலவைப் பின்னோக்கிக் கணக்கிடுகின்றன. அது பாஸ்டன்காரர்களை விட்டுவிட்டு என் உடம்பிடமே கேட்கும் வழி. அதிலும் பிழை உண்டு. ஆனால் பிழை என்னுடையதாக இருக்கும். ஆய்வாளர்கள் உண்மையான செலவை அளக்க வேண்டும் என்றால், அடையாளமிட்ட ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து, ஒன்றிரண்டு வாரம் சிறுநீரைச் சோதிக்கிறார்கள். அப்படி ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்களை அளந்து 2021-இல் வந்த ஒரு பெரிய ஆய்வு, 20 முதல் 60 வயது வரை, உடம்பின் அளவை ஈடுசெய்து பார்த்தால், செலவு பெரிதாக மாறுவதில்லை என்றது. என் செவ்வாய்க்கும் புதனுக்கும் நடுவே மட்டும் 650 மாறுமாம். நம்புங்கள்.

பசியாறுதல்

திருக்குறளில் 'மருந்து' என்று ஒரு அதிகாரம் உண்டு. நோய்க்கு மூலிகை எதையும் அது அடுக்குவதில்லை. முன்னே சாப்பிட்டது செரித்ததா, இப்போது நன்றாகப் பசிக்கிறதா என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்கிறது. பள்ளியில் மனப்பாடம் செய்தபோது இது வெறும் பாட்டி வைத்தியம் என்று நினைத்தேன். இன்று பார்த்தால் அதுவும் ஒரு அளவீட்டு முறை. கருவி உடம்புக்குள்ளேயே இருக்கிறது. இனிப்பு நீர் உள்ளவருக்கு அது மட்டும் போதாது, விரலில் குத்தும் கருவியும் வேண்டும் என்பதை அந்த மூன்று மணி எனக்குக் கற்றுக்கொடுத்தது. ஆனால் பசியை முற்றிலும் விலக்கி வைத்த கணக்கு எதுவும் இனி எங்கள் வீட்டில் செல்லாது.

இந்த ஊர்த் தமிழில் காலை உணவுக்கு நாம் சொல்லும் வார்த்தை பசியாறுதல். "பசியாறியாச்சா?" என்று கேட்டுத்தான் பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டுவார். எவ்வளவு சாப்பிட்டாய் என்று அந்தக் கேள்வி கேட்பதில்லை. உள்ளே எரிந்துகொண்டிருந்தது ஆறியதா என்று கேட்கிறது. செயலி எரிப்பதைப் பற்றி மட்டுமே பேசுகிறது. ஆறுவதற்கு அதில் ஒரு கட்டம்கூட இல்லை.

அம்மாவின் கைப்பேசியிலிருந்து செயலியை நான் எடுத்துவிட்டேன். என்னுடையதில் இன்னும் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு தடவை எடையின் போக்கைப் பார்க்க மட்டும். ஐஸ்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். அதில் மூன்று வேளையும் ரத்தச் சர்க்கரை எண்ணை அம்மா எழுதுகிறார். பக்கத்தில் நான் கேட்காமலே ஒரு கட்டம் அவராகப் போட்டிருக்கிறார். அதில் எண் கிடையாது. 'பசி இருந்துச்சு', 'பசி இல்ல', 'கொஞ்சம் இருந்த மாதிரி'.

மூன்றாவதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிழை எல்லையோடு எழுதப்பட்ட ஒரு ரிப்போர்ட்.